எதையும் உள்ளே வைக்காத அக்கா

எங்கள் பக்கத்தில் காலையில் எதிரே வருகிறவரைப் பார்த்து, "பசியாறியாச்சா?" என்று கேட்பது வழக்கம். அக்கா அதோடு நிறுத்த மாட்டார். "பசியாறியாச்சா? அழுதாச்சா?" என்று இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே சிரிப்போடு கேட்பார்.

என்னிடம் முதன்முதலில் அப்படிக் கேட்டபோது நான் விடுதிக் குளியலறையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். தொற்று பரவி, நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, அதாவது ஊரடங்கு, போட்டிருந்த நேரம். மருத்துவக் கல்லூரியில் அப்போது நாங்கள் மூன்றாம் ஆண்டு. வீட்டுக்குப் போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள். போக முடியாமல் மிஞ்சிய பெண்களை எல்லாம் ஒரே மாடிக்கு மாற்றி, இரண்டிரண்டு பேராக அறை கொடுத்தார்கள். எனக்கு வாய்த்தது அக்கா. அதற்கு முன்பு அவரோடு நான் அதிகம் பேசியதில்லை.

வாயில் நுரை இருந்ததால் முறைக்க மட்டும்தான் முடிந்தது. அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். துப்பிவிட்டு, "நான் எதுக்குக்கா அழணும்?" என்றேன்.

"நான் அழுதுட்டேன்," என்றார், துணி துவைத்து முடித்தவர் மாதிரி. "அம்மாவோட பேசுனேன், அழுதேன், இப்பப் பசிக்குது. மீ நூடுல்ஸ் கிண்டப் போறேன். உனக்கும் போடட்டுமா?"

வகுப்பில் எல்லோரையும் விட அவர் இரண்டு வயது மூத்தவர். பள்ளியில் படிவம் ஆறு முடித்ததும் கூலிம் ஹைடெக் பூங்காவில் மின்னணுச் சில்லு செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். அதனால் வகுப்புக்கே அக்கா. சீன, மலாய் மாணவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஆள் குள்ளம். நடை என்று ஒன்று கிடையாது, ஓட்டம்தான். கையை ஆட்டாமல் பேச வராது. தோட்டத்து மாதா கோயிலில் மைக் இல்லாமல் பாடிப் பழகிய குரல். மனதில் எது வந்தாலும் அந்தக் குரலில் உடனே வெளியே வந்துவிடும். பயம் வந்தால் பயம் என்பார். பொறாமை வந்தால், "உன் மார்க்கைப் பார்த்தா வயித்தெரிச்சலா இருக்கு லா," என்று நேராகவே சொல்லிவிட்டு அந்தப் பாடத்தையே நம்மிடம் கேட்டுப் படிப்பார். மருத்துவ மாணவர்கள் இப்படி இருக்க மாட்டார்கள். நாங்கள் எல்லோரும் எங்களுக்கு எல்லாம் தெரியும், எதுவும் தாங்குவோம் என்று முகத்தை வைத்துக்கொள்ளப் பழகியவர்கள். முதலாம் ஆண்டில் பிணவறையில் மயக்கம் வந்தவன்கூடப் பசி மயக்கம் என்றுதான் சொன்னான்.

இந்தப் பழக்கம் தொழிற்சாலையில் வந்தது என்பார் அக்கா. அங்கே தூசி படக் கூடாத அறைகள் உண்டாம். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே தெரியும். பக்கத்தில் நிற்கிறவருக்குத் தலைவலியா, வீட்டில் சண்டையா என்று முகத்தைப் பார்த்து அறிய முடியாது. வாயைத் திறந்து கேட்க வேண்டும், வாயைத் திறந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஷிப்ட் முழுக்கப் பக்கத்தில் நின்றும் ஒன்றுமே தெரியாமல் போய்விடும் என்பார். பிறகு நாங்களும் வார்டில் கண் மட்டும் தெரியும் உடுப்பைப் போட வேண்டி வந்தது. வகுப்பிலேயே அதற்குப் பழகியிருந்த ஒரே ஆள் அவர்தான்.

அந்த ஆண்டு நோன்பும் ஊரடங்குக்குள்ளேயே வந்தது. வீட்டை விட்டு எனக்கு அதுதான் முதல் நோன்பு. அலோர் ஸ்டாரில் அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். நோன்பு திறக்கும் நேரத்தில் அந்தக் கடையில் காது கேட்காது, அத்தனை கூட்டம், அத்தனை சத்தம். இங்கே நான் ஒரு பேரீச்சம்பழத்தையும் தண்ணீர்ப் போத்தலையும் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அக்கா உள்ளே வந்து பார்த்தார்.

"இது என்னா லா, கிளினிக்ல நம்பர் எடுத்துட்டு உக்காந்த மாதிரி," என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். நோன்பு உள்ளவர்கள், இல்லாதவர்கள் எல்லோரும் அவரவர் அறை வாசலில் தட்டோடு உட்கார வேண்டும் என்று உத்தரவு. நீள நடைக்கூடத்தில் இடைவெளி விட்டு வரிசையாக உட்கார்ந்தோம். அக்கா நடுவில் நின்று கைப்பேசியைப் பார்த்தபடி கடைசி நிமிடத்தை எண்ணத் தொடங்கினார். பத்திலிருந்து கீழே இறங்க இறங்க எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று, இரண்டு, ஒன்று என்பதற்குள் விடுதியே கத்தியது. தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு வந்தது. அத்தனை பேர் வாயும் ஒரே நேரத்தில் அசைந்தது. பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தேன், அவ்வளவு சந்தோஷம். அந்த மாதம் முழுக்க ஒரு நாள்கூட அது தவறவில்லை. நோன்பின் கடைசிப் பத்து நாளில் பினாங்குச் சீனப் பெண் ஒருத்தி தானும் பட்டினி இருக்க ஆரம்பித்துவிட்டாள். பசியோடு இருந்தால்தான் அந்தக் கடைசி நிமிடம் இன்னும் நன்றாக இருக்கிறதாம்.

வார்டுக்குத் திரும்பிய முதல் நாள் நடந்ததை எங்கள் வகுப்பில் யாரும் மறந்திருக்க முடியாது. பாதுகாப்பு உடுப்பு போடுவது எப்படி, கழற்றுவது எப்படி என்று வார்டுக்குப் பொறுப்பான நிபுணர் டாக்டர் காட்டி முடித்தார். கண்டிப்பானவர், பேச்சு குறைவு. உள்ளே போவதற்கு முன் ஏதாவது கேள்வி உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்தக் கேள்விக்கு யாரும் கை தூக்குவதில்லை. அக்கா தூக்கினார்.

"டாக்டர், கேள்வி இல்லை. எனக்குப் பயமா இருக்கு."

அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது தமிழில்தான். எங்களுக்கு உள்ளங்கால் கூசியது. இனி நிபுணர் அவரை வெளியே அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். நிபுணர் சுற்றிலும் பார்த்தார், மூலையில் கிடந்த ஸ்டூலைக் காலால் நகர்த்தினார். உட்காரச் சொன்னார். அக்கா உட்கார்ந்தார், முழங்கால் மேல் கையை வைத்து மூச்சு விட்டார். எழுந்து, "முன்னைக்கு இப்பப் பரவாயில்லை," என்றார். முதல் ஆளாக அவர்தான் உள்ளே போனார். அடுத்த நாள் முதல் அந்த நிபுணர் உள்ளே விடுவதற்கு முன் எங்கள் ஒவ்வொருவரிடமும், போகலாமா, கொஞ்சம் உட்கார வேண்டுமா என்று கேட்டார். நானும் ஒரு நாள் உட்கார்ந்தேன்.

அக்காவால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு வருடத்துக்குப் பிறகு தடுப்பூசி போடத் தொடங்கியபோது எங்களைப் பெண்டாங்கில் ஒரு மண்டபத்துக்கு உதவிக்கு அனுப்பினார்கள். நெல் வயலிலிருந்து நேராக வந்த மாதிரி கால்சட்டையைச் சுருட்டிவிட்ட பெரியவர்கள், கடைக்காரர்கள், லாரி ஓட்டுகிறவர்கள் என்று ஒரே கூட்டம். ஒரு தமிழ் லாரி ஓட்டுநர், கதவை அடைக்கிற உடம்பு, வரிசையில் முன்னே வரும்போதெல்லாம் ஒதுங்கிப் பின்னால் போய் நின்றுகொண்டே இருந்தார். அக்கா கவனித்துவிட்டார்.

"அண்ணே, ஊசிக்குப் பயமா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"எனக்கும்தான். வாங்க, பயந்தவங்களுக்குத் தனி வரிசை இருக்கு."

அப்படி ஒரு வரிசையே கிடையாது. அக்கா அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உண்டாக்கினார். மலாயிலும் தமிழிலும் கூவி அழைத்தார். ஒரு பாக்சிக், மலாய்ப் பெரியவர், சிரித்துக்கொண்டே வந்து லாரிக்காரர் பின்னால் நின்றார். அவர் பின்னால் இன்னொருவர். சற்று நேரத்தில் மண்டபத்திலேயே நீளமான வரிசை அதுதான். ஒருவர் பயத்தை ஒருவர் கேலி செய்து ஒரே சிரிப்பு. ஊசி போட்டு முடிந்ததும் லாரிக்காரர், "அவ்வளவுதானா தங்கச்சி?" என்றபோது வரிசையே கை தட்டியது. பொறுப்பில் இருந்த தாதி கோபமாக வந்தார், கூட்டத்தைப் பார்த்தார், அந்த வரிசைக்கு ஊசி போட இன்னொரு ஆளை அனுப்பிவிட்டுப் போனார்.

இவ்வளவும் படிக்கும்போது அக்காவோடு இருப்பது சுகம் என்று தோன்றும். எப்போதும் அப்படியில்லை. தன் மனதில் இருப்பதைச் சொல்கிற வாய், நம் மனதில் இருப்பதையும் சொல்லிவிடும். எனக்கு அப்போது தேர்வு என்றாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை சில்லிடும். அக்காவிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், என் ரூம்மேட்டுக்கு இப்படி இருக்கிறது, வேறு யாருக்கும் உண்டா என்று எழுதிவிட்டார். நல்ல எண்ணம்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. தப்புதான், உன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று மன்னிப்பும் கேட்டார். அதையும் அதே குழுவில் எல்லோரும் பார்க்கும்படி கேட்டார். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கவினேஷ் அக்காவோடு மோதினான். கவினேஷ் எங்கள் வகுப்பின் முதல் மாணவன், பெண்டாங்காரன். எதற்கும் அசையாதவன், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. உணவு வாங்கும் இடத்தில் அக்காவை நிறுத்தி, டாக்டர் என்றால் நிதானம் வேண்டும், நீங்கள் அழுதாச்சா என்று கேட்டுக் கேட்டே எல்லோரையும் பலவீனமாக்குகிறீர்கள் என்றான். அடுத்தவர்கள் விஷயத்தைக் கடைத்தெருவில் போடுவதும் நிறுத்த வேண்டும் என்றான். நான் அவன் பக்கம்தான் நின்றேன்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ரெண்டாவது சொன்னது சரி. இனிமே கேக்காமச் சொல்ல மாட்டேன்," என்றார். "முதல்ல சொன்னது தப்பு. நீ அழ மாட்டியா?"

"எனக்கு அந்தப் பழக்கம் இல்லைக்கா," என்றான் கவினேஷ், மரியாதையாகத்தான்.

இரண்டாவது பெரிய ஊரடங்கு வந்தபோது அவன் விடுதியில் இல்லை. சுங்கை லாலாங்கில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், வரிசை வீடுகளில் ஒன்றை நண்பர்களோடு வாடகைக்கு எடுத்திருந்தான். நண்பர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அவன் மட்டும் தனியாக இருந்தான். வகுப்பெல்லாம் இணையத்தில். மற்ற நேரத்தில் எங்களில் சிலர் சுகாதாரப் பிரிவுக்காகத் தொலைபேசி வேலை செய்தோம். தொற்று உறுதியானவர்களைக் கூப்பிட்டு, யாரோடெல்லாம் இருந்தீர்கள், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்க வேண்டும். எல்லோரையும் விட அதிக அழைப்பு எடுத்தவன் கவினேஷ்தான். ஒருநாள் அவன் ஒரு வீட்டுக்கு அழைத்து அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி, எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறான். காலையில்தான் அடக்கம் செய்தோம் தம்பி என்று அவர் கணவர் சொல்லியிருக்கிறார். பட்டியலில் அந்தச் செய்தி இன்னும் ஏறவில்லை. கவினேஷ் மன்னிப்புக் கேட்டு, விதிப்படி மீதிக் கேள்விகளையும் கேட்டு முடித்திருக்கிறான். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் அடுத்த எண்ணை அழைத்திருக்கிறான்.

அதற்குச் சில நாள் கழித்து, மத்தியான வகுப்பு நேரத்தில் நல்ல மழை. அறையில் அக்கா ஒரு மேசையிலும் நான் ஒரு மேசையிலும் மடிக்கணினி முன்னால் இருந்தோம். விரிவுரையாளர் இதயச் செயலிழப்பு பற்றி ஒரு கேள்வி கேட்டார். வழக்கம்போல் கவினேஷ் மைக்கைத் திறந்து பதில் சொன்னான். அச்சடித்த மாதிரிப் பதில், ஒரு தவறு இல்லை. விரிவுரையாளர் பாராட்டினார்.

அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அவன் பின்னாடி பாரு."

பார்த்தேன். அவனுக்குப் பின்னால் ஜன்னல் திறந்து கிடந்தது. மழை நேராக உள்ளே அடித்தது. கட்டில் நனைந்து கருத்திருந்தது, அதன் மேல் பரப்பியிருந்த புத்தகங்கள் உப்பியிருந்தன. அவன் சட்டையின் முதுகுகூட நனைந்திருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அக்கா மைக்கைத் திறந்து, வகுப்பு முழுக்கக் கேட்க, "கவினேஷ், ஜன்னலைச் சாத்துப்பா," என்றார்.

அவன் ஒரு நொடி கேமராவைப் பார்த்தான். "பரவாயில்லைக்கா," என்றான். பிறகு அவன் படம் அணைந்தது. அக்கா கூப்பிட்டுப் பார்த்தார், நான் கூப்பிட்டேன், கைப்பேசியை எடுக்கவில்லை. அக்கா வகுப்பை அப்படியே விட்டு எழுந்தார். கார்ச் சாவியை எடுத்தவர் என்னைப் பார்த்து, "வா," என்றார்.

நான் செருப்பை மாட்டுவதற்குள் அவர் படியில் பாதி இறங்கிவிட்டார். இறங்கும்போதே மனநலப் பாடம் எடுக்கும் மேடத்துக்கு அழைத்து, நாங்கள் என்ன பார்த்தோம், எங்கே போகிறோம் என்று சொன்னார். போய்ப் பாருங்கள், அவனைத் தனியாக விட வேண்டாம், போனை வைக்காதீர்கள் என்றார் மேடம். வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். அக்கா கைப்பேசியை அவர் காதிலேயே வைத்துவிட்டார். மேடம் என்ன சொன்னாரோ, தடுப்புக் கம்பி எழும்பியது.

அக்காவின் காடி அவர் வயதில் பாதிக்கு மேல் இருக்கும் பழைய சிறிய கார். வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்யும், நான் உட்கார்ந்த பக்கம் இல்லை. எனக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சு அடித்தது, ஆனால் தேர்வுக்கு அடிக்கிற மாதிரி இல்லை. சாலையில் போலீஸ் தடுப்பு இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். எங்களிடம் கடிதம் எதுவும் இல்லை. அக்கா பிறந்த தோட்டம் அந்தப் பக்கம்தான், செம்பனை மரங்களுக்குள் புகுந்து போகும் மண் பாதையெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த வழியாகப் போய்விடலாமா என்றேன்.

"நாம என்ன திருடவா போறோம்? நேராப் போவோம் லா," என்றார்.

தடுப்பில் கூடாரத்துக்குக் கீழே நின்ற இளம் போலீஸ்காரர் குனிந்து, எங்கே போகிறீர்கள், கடிதம் எங்கே என்று கேட்டார். நான் ஏதோ காரணம் தேடினேன். அக்கா தேடவில்லை.

"கவான் காமி தக் ஓகே, என்ச்சே. சாயா தாகுட்," என்றார். எங்கள் நண்பன் சரியாக இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான் சொன்னார். குரல் நடுங்கியது, அதை அவர் மறைக்கவில்லை.

போலீஸ்காரர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். முகவரியைக் கேட்டார். பிறகு மழைச் சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறி, பின்னால் வரும்படி கையைக் காட்டினார். எங்களுக்கு முன்னால் நீல விளக்கு மழையில் சுழன்றுகொண்டு போனது. "பாத்தியா, பாத்தியா!" என்று அக்கா ஸ்டியரிங்கைத் தட்டினார். அழுதுகொண்டே தட்டினார்.

தாமானில் கவினேஷின் வீட்டுக் கேட் பூட்டியிருந்தது. எவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்லை. பக்கத்து வீடுகளில் திரைச்சீலை விலகியது. போலீஸ்காரர் கேட்டை ஏறிக் குதிக்கலாமா என்று உயரம் பார்த்தார். அக்கா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாதா கோயில் குரலில் தொடங்கினார்.

"கவினேஷ், நீ வெளியே வர்ற வரைக்கும் நான் இங்கேயே நின்னு அழப் போறேன். தாமான் முழுக்க வந்து பாக்கட்டும். எனக்கு வெக்கம் இல்லைன்னு உனக்குத் தெரியும்."

சொன்னபடியே அழவும் ஆரம்பித்தார். அது நடிப்பில்லை. வரும் வழியிலேயே தொடங்கியிருந்தது. இரண்டு வீடு தள்ளி ஒரு மாக்சிக், வயதான மலாய் அம்மா, குடையோடு வெளியே வந்துவிட்டார். அப்போதுதான் உள்கதவு திறந்தது.

"அக்கா, சும்மா இருங்க. எல்லாரும் பாக்குறாங்க," என்றான் கவினேஷ். அந்த ஈரச் சட்டையோடுதான் நின்றான். அவனைப் பார்த்ததும் நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் கேட்டைத் திறந்தான். வாசற்படியிலேயே மூன்று பேரும் உட்கார்ந்தோம். போலீஸ்காரர் காது கேட்காத தூரத்தில் மோட்டார் சைக்கிள் பக்கம் போய் நின்றுகொண்டார். அக்கா மூக்கைத் துடைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"செத்துப் போயிடலாம்னு தோணுச்சா?"

என் கை அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தப் போனது. இதை எப்படி வாயால் கேட்பது? கவினேஷ் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாக்கா," என்றான்.

அவன் உடம்பு தளர்வதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு அவனாகவே பேச ஆரம்பித்தான். அந்த அழைப்பு, அந்தக் கணவரின் குரல், அதற்குப் பிறகு தூக்கம் வராதது, எதைப் பார்த்தாலும் ஒன்றுமே தோன்றாதது எல்லாம் சொன்னான். அழக்கூட வரவில்லை என்றான். அக்கா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், "சரி, சொல்லிட்டே. இனி இதை நீ தனியாத் தூக்க வேணாம். மேடம் லைன்லதான் இருக்காங்க. அவங்ககிட்டப் போலாம், நாங்க கூட இருக்கோம்," என்றார்.

அன்றே அவனை மருத்துவமனை மனநலப் பிரிவில் சேர்த்தோம். அவன் அம்மாவும் அண்ணனும் பெண்டாங்கிலிருந்து வர அந்தப் போலீஸ்காரரே பேசி வழி செய்தார். வெளியே வந்ததும் காருக்குள் அக்கா எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு, "உயிரோட இருக்கான்," என்றார். "உயிரோட இருக்கான் லா!" இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

கவினேஷ் தேறிவிட்டான், இன்று அவன் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கிறான். அக்கா சபாவில் இருக்கிறார், ஆறு தாண்டி, படகு ஏறிப் போகும் ஒரு சுகாதார நிலையத்தில். ஆனால் நான் சொல்ல வேண்டியது அவன் வீடு திரும்பிய பிறகு நடந்த கூட்டம்.

அது எல்லா ஆண்டு மாணவர்களுக்குமான இணையக் கூட்டம். டீன் பேசினார். கெட்டவர் அல்ல, தீவிர சிகிச்சைப் பிரிவில் தானும் வேலை பார்த்துக் கண்ணுக்குக் கீழே கருத்துப்போனவர். காற்றில் வளையும் மூங்கில் படம் ஒன்றைத் திரையில் போட்டு, மாணவர்கள் மன உறுதியோடு இருக்க வேண்டும் என்றார். தள்ளிப்போன தேர்வுகள் எல்லாம் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வரும் என்றார். பிறகு, கருத்து ஏதும் உண்டா என்று கேட்டார்.

அக்கா கூட்டத்துக்கு முன்பே கவினேஷை அழைத்து, உன் கதையைச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்றான். சரி என்று விட்டுவிட்டார். அதனால் இனி அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கும் தெரியாது. கை தூக்கினார். படத்தையும் ஒலியையும் திறந்தார். நான் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு மனச்சோர்வு இருக்கு," என்றார். "கூலிம்ல வேலை செஞ்ச காலத்துல இருந்து இருக்கு. தினமும் மாத்திரை சாப்பிடுறேன். டாக்டரைப் பாக்கப் போறப்பெல்லாம் வீட்டுக்குப் போறேன்னு ரூம்மேட்டுக்கிட்டப் பொய் சொல்லிட்டுப் போனேன். நான் எல்லாத்தையும் வெளியே சொல்ற ஆள். இதை மட்டும் சொல்லலை. தெரிஞ்சா டாக்டர் ஆக விட மாட்டீங்கன்னு பயமா இருந்துச்சு."

ஒன்றரை வருடம் ஒரே அறை. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துச் சொல்லிக்கொண்டு போனார். மூங்கிலுக்கும் வேர் பிடிக்க மண் வேண்டும், எங்களுக்குத் தேர்வுக்கு நடுவில் மூச்சு விட நாள் வேண்டும், போய்ப் பேச ஒரு ஆள் வேண்டும், பேசினால் எங்கள் பெயருக்குக் கெடுதல் வராது என்று நீங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றார். முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

பிறகு உரையாடல் பெட்டியில் ஒரு வரி ஏறியது. 'எனக்கும்.' மலாயில் ஒன்று. ஆங்கிலத்தில் ஒன்று. பிறகு படிக்க முடியாத வேகத்தில் ஏறத் தொடங்கின. நான்காம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, பார்த்தாலே பயப்படும் சீனியர்கள், பெயர் தெரியாதவர்கள். அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினார். "பாரு லா, பாரு," என்று அவர் முணுமுணுத்தது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. நான் கையை விடுவித்து, அவர் மடிக்கணினியை என் பக்கம் இழுத்து, என் பெயரையும் சேர்த்து எழுதினேன்.

டீன் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். அப்போது திரையின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டம் வெளிச்சமானது. கவினேஷ். பெண்டாங் வீட்டில், பின்னால் அவன் அம்மா துணி மடித்துக்கொண்டிருக்க, உட்கார்ந்திருந்தான்.

"நான் கவினேஷ், மூன்றாம் ஆண்டிலிருந்து வகுப்பில் முதல் மாணவன்," என்றான், வழக்கமான அந்த அசையாத குரலில். "நான் அன்றைக்குச் செத்துப் போயிருப்பேன். இவங்க வந்தாங்க." அதற்கு மேல் அவனால் முடியவில்லை. உதடு கோணியது. முந்நூறு பேர் பார்க்க, கேமராவை அணைக்காமல், அவன் அழுதான். பின்னால் துணியைப் போட்டுவிட்டு அம்மா ஓடி வந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

டீன் மூங்கில் படத்தை எடுத்துவிட்டார். தேர்வு அட்டவணையை இன்றே திரும்பப் பெறுகிறேன் என்றார். சொன்ன வாக்கு மாறவில்லை. தேர்வுகளுக்கு நடுவே வாரங்கள் கிடைத்தன, மேடத்தின் பொறுப்பில் ஒரு அறை திறந்தது, அங்கே போனவர் பெயர் வெளியே வராது என்று எழுத்திலும் வந்தது. ஆனால் அன்று மத்தியானம் அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒருவரும் கூட்டத்தை விட்டுப் போகவில்லை. டீன் முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

கடைசியில் ஒரு கை எழும்பியிருந்தது. முதலாம் ஆண்டுப் பெண், எங்கள் யாருக்கும் தெரியாதவள். மைக்கைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. டீன் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க," என்றார். "எனக்கு அவசரம் இல்லை."